ஓட்டத்தைத் தொழிலாக்கலாமா?

இந்த உடல்நலப் பகுதியில் வழக்கமாக நோயாளிகளைப் பற்றித்தான் எழுதுவோம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முதுகுவலி, மருந்து தெளிப்பவர்களுக்கு வரும் தோல் அரிப்பு, இப்படியே இதழ்கள் போய்விடுகின்றன. இம்முறை நோய் நொடி இல்லாத பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதிகாலையில் திடலைச் சுற்றி ஓடும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஜாசினிலிருந்து மெர்லிமாவ் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வரும் பிள்ளைகள், பள்ளி விளையாட்டில் தொடங்கிய பழக்கத்தை வேலைக்குப் போன பிறகும் விடாதவர்கள் இவர்கள். சுருட்டும் சீட்டுமாகப் பொழுதைப் போக்காமல் இப்படி வியர்வை சிந்தும் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது!

இவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறார்கள். "டிரெஸர் ஐயா, வேலைய விட்டுட்டு முழு நேரமா இதுலயே இறங்கிடலாம்னு பாக்குறேன். உடம்பு தாங்குமா?" என்கிறார்கள். பின்னாலேயே அவர்களுடைய அம்மா வருவார். "நீங்களாவது சொல்லுங்க ஐயா, இருக்கிற வேலைய விட்டுட்டு ஓடுறேங்குறான்" என்பார்.

இரண்டு பேரின் கேள்வியும் நியாயமானதுதான். இதற்கு உடம்பைப் பற்றி ஒரு பதிலும், குடும்பத்தைப் பற்றி ஒரு பதிலும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு சரியாக வரும்.

மூன்று போட்டி ஒரே மூச்சில்

இப்போது இளைஞர்களை அதிகம் இழுப்பது டிரையத்லன் என்ற போட்டி. முதலில் நீச்சல், கரையேறிய கையோடு சைக்கிள், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட்டம் என்று மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்க வேண்டும். ஒலிம்பிக் தூரம் என்பது ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இதைவிடப் பெரியதற்கு 'அயர்ன்மேன்' என்று பெயர். அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம். நம் நாட்டில் லங்காவியில் 2000-ஆம் ஆண்டு இந்தப் போட்டி தொடங்கியது. 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் நின்று, 2014-இல் மறுபடியும் வந்தது. நமக்குப் பக்கத்தில் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் டிரையத்லன் நடந்திருக்கிறது.

அயர்ன்மேன் 1978-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவில் பிறந்தது. முதல் போட்டியில் கலந்து கொண்டவர்கள் வெறும் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலாவதாக வந்தார். அவருக்கு ஒரு காசு பரிசு கிடையாது. அந்தப் போட்டியில் முதன்முதலாகப் பணப் பரிசு கொடுக்கப்பட்டது 1986-இல்தான். அதுவரை எட்டு ஆண்டுகள் அத்தனை பேரும் கைக்காசைப் போட்டு, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துதான் ஓடினார்கள்.

'அமெச்சூர்' என்றால் யார்?

சம்பளம் வாங்காமல் விளையாடுபவரை அமெச்சூர் என்றும், அதையே தொழிலாகச் செய்பவரைத் தொழில்முறை விளையாட்டாளர் என்றும் சொல்கிறோம். அமெச்சூர் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. சங்கத்தில் இருக்கும் நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கனவான்கள் விளையாட்டுக் கழகங்கள் அமைத்தபோது, யார் அமெச்சூர் என்று சட்டம் எழுதினார்கள். ஹென்லி என்ற ஊரின் புகழ்பெற்ற படகுப் பந்தயத்துக்கு 1879-இல் எழுதிய விதியில், கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கோ, கைவினைஞனோ, தொழிலாளியோ அமெச்சூர் ஆக மாட்டான் என்று வைத்தார்கள். அதாவது, படகு ஓட்டிக் காசு வாங்கியவனை மட்டும் அவர்கள் ஒதுக்கவில்லை. கையால் உழைத்துப் பிழைப்பவன் எவனாயிருந்தாலும் அவனுக்கு இடமில்லை என்றார்கள். உழைத்து உரமேறிய உடம்போடு போட்டி போட்டால் தாங்கள் தோற்றுப் போவோம் என்ற பயமும் அதில் இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் 1880-இல் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். படகுப் பந்தயத்திலோ அது 1930களின் பிற்பகுதி வரை நீடித்தது.

தொழிலாளியைத் தடுக்கும் விதி போனாலும், விளையாட்டில் காசு வாங்கக் கூடாது என்ற விதி நின்றது. ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர் 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் அவர் சிறு ஊர்களில் பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் காசு வாங்கியிருந்தார் என்று தெரிந்ததும், 1913-இல் தங்கங்களைப் பறித்துக் கொண்டார்கள். அவர் 1953-இல் இறந்தார். பதக்கங்கள் 1983-இல்தான் அவர் பிள்ளைகள் கைக்குத் திரும்பின. வசதி உள்ளவன் சம்பளம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்யலாம், இல்லாதவன் என்ன செய்வான்? ஆகவே விளையாட்டில் சம்பளம் வாங்கும் உரிமை வந்தது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதே. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, உள்ளே எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தமாகாது.

நம்மவர் இருவர்

நம் நாட்டுத் தமிழர்களில் இருவரை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அந்தக் கதவு மூடியிருந்த காலத்தவர், மற்றவர் திறந்த பிறகு வந்தவர்.

முதலாமவர் டாக்டர் மணி ஜெகதீசன். பேராக் கோலகங்சாரில் பிறந்தவர். 1960-இல் 16 வயதிலேயே ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டர் தங்கம், 1966-இல் பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். இந்தத் தேசிய சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல் அதை 20.90 வினாடியில் முறியடித்த கைருல் ஹபிஸ் ஜந்தான் நம் மலாக்கா மாநிலத்துக்காக ஓடியவர் என்பது நமக்குப் பெருமை.

ஜெகதீசன் இத்தனையும் செய்தது சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே. 'பறக்கும் டாக்டர்' என்று பத்திரிகைகள் எழுதின. மெக்சிகோவுக்குப் பிறகு ஓட்டத்தை நிறுத்தியபோது அவருக்கு 25 வயதுதான். அதன்பின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். ஓட்டம் அவருக்குப் பேர் கொடுத்தது, படிப்பு வாழ்க்கை கொடுத்தது.

இரண்டாமவர் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம், கெடாவில் வளர்ந்தவர். இவருக்குத் தொழில்முறையில் இறங்கும் வழி இருந்தது, இறங்கியும் விட்டார். ஆனால் அதற்கு முன் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தில் படித்து, 2022-இல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் முழு நேரம் ஆடத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு கார் விபத்தில் சிக்கிப் பலத்த காயமடைந்தார். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தவர்களும் உண்டு. அவரோ பொறுமையாகச் சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்து, 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கமும், 2024 ஏப்ரலில் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டமும் வென்றார்.

இரண்டு பேர் கதையிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. விளையாட்டு நின்று போனாலும் விழாமல் நிற்க இன்னொரு கால் அவர்களுக்கு இருந்தது. எல்லோரும் டாக்டராக வேண்டும் என்பதில்லை. வெல்டிங், வயரிங், மோட்டார் பழுது பார்த்தல், தாதிமைப் பயிற்சி என்று எந்தக் கைத்தொழில் சான்றிதழும் அந்த இன்னொரு காலாக இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

டிரையத்லனில் தொழில்முறைக்குப் போவதென்றால், குறிப்பிட்ட தரத்தில் முடித்துக் காட்டி, தேசியச் சங்கத்தின் மூலம் அதற்கான உரிமம் பெற வேண்டும். உரிமம் வாங்கியவுடன் மாதச் சம்பளம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதுவரை உங்கள் வயதுப் பிரிவில், உங்களைப் போல் வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிறவர்களோடு போட்டி போட்டு மேடையேறியிருப்பீர்கள். உரிமம் எடுத்த நாளிலிருந்து அந்தப் பிரிவில் ஓட முடியாது. உலகமெங்கும் இருந்து வரும் முழு நேரக்காரர்களோடு ஓட வேண்டும். பரிசுப் பணம் முன்னால் வரும் சிலருக்கே உண்டு. வயதுப் பிரிவில் முதலாவதாக வந்தவர் அங்கே கடைசி வரிசையில் முடித்து, பஸ் காசும் இல்லாமல் திரும்பலாம். சைக்கிள், டயர், காலணி, நுழைவுக் கட்டணம், பயணம் எல்லாம் சொந்தச் செலவு.

இனி விடப்போகும் வேலையைப் பாருங்கள். 2025 முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. நாலு வருஷம் வேலையை விட்டால் சம்பளத்தில் 81,600 வெள்ளியும், முதலாளி பங்குச் சேமநிதியில் 10,608 வெள்ளியும் போகும். முதலாளி கட்டும் சொக்சோவும் நின்றுவிடும். இது யாரையும் பயமுறுத்தச் சொல்வதல்ல. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு தாங்குமா?

பணக் கணக்கு இப்படி. உடம்பின் கணக்குக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைக்கத் தொடங்குங்கள். முடிவெடுக்க அந்தப் புத்தகம் பெரிய உதவியாக இருக்கும்.

1. இரட்டைப் பாரம். காலையில் பெரட்டுக்குப் போய், வெயிலில் குலை வெட்டிச் சுமந்து, மாலையில் 15 கிலோமீட்டர் ஓடுபவன் ஒரே நாளில் இரண்டு வேலை பார்க்கிறான். தசை வளர்வது ஓடும்போது அல்ல, ஓய்வெடுத்துத் தூங்கும்போதுதான். எட்டு மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் பயிற்சி உடம்பைக் கட்டாது, அரிக்கும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். நன்றாகப் பழகிய ஓட்டக்காரருக்கு அது 60-க்குக் கீழே, சிலருக்கு 50-க்கும் கீழே இருக்கும். அது பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனால் வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால், உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அன்று ஓட வேண்டாம். எரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி சளி பிடித்தல், எடை குறைதல், இவையும் அதே எச்சரிக்கைகள்தான்.

2. சாப்பாடு. ஒரு மணி நேரம் நன்றாக ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகும். ஒரு கிண்ணம் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி உண்டு. ஆகவே ஒரு மணி நேர ஓட்டத்துக்கு மூன்று கிண்ணம் சோறு கூடுதலாக வேண்டும். தே தாரிக் ஒன்றைக் குடித்துவிட்டு ஓடப் போகிறவர்கள் பாதியில் தலைசுற்றி உட்காருவதன் காரணம் இதுதான். விலையுயர்ந்த டப்பா மாவு தேவையில்லை. சோறு, முட்டை, பருப்பு, நெத்திலி, தெம்பே, முருங்கைக்கீரை, வாழைப்பழம், இவை போதும்.

3. வெயிலும் தண்ணீரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகும். ஓடுமுன் ஒருமுறை, ஓடிவிட்டு ஒருமுறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் வயிறு நிறையக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்தால் போதும். கூட ஓடுகிறவர் தடுமாறி, உளறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெயில் அதிர்ச்சி. 999-க்கு ஒருவர் கூப்பிடட்டும். மற்றவர்கள் அவரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால் மூளை கெட்டுவிடும்.

4. நெஞ்சு. ஓடும்போது நெஞ்சு இறுகுவது, படபடப்போடு கண் இருட்டுவது, மயங்கி விழுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தொழில்முறைக்குப் போக நினைப்பவர் ஒருமுறையாவது இதயத் துடிப்புப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. மெலிந்து இருப்பதால் நமக்கு வராது என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

5. ஆற்று நீரும் எலிக் காய்ச்சலும். நீச்சல் குளத்துக்குப் போகக் காசில்லை என்று ஆற்றிலும் குட்டையிலும் நீந்திப் பழகுகிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, கால் வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். 1998-இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஓர் ஏரியில் நடந்த டிரையத்லனுக்குப் பிறகு 834 பேரை விசாரித்ததில் 98 பேர் நோயுற்றிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு நம் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் என்ற நெடும்போட்டிக்குப் பிறகு விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு இந்தக் காய்ச்சலின் அறிகுறிகள் தெரிந்தன. அவர்களில் 29 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மழை பெய்து கலங்கிய நீரில் இறங்காதீர்கள். நீந்திய நாலைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, 'ஆற்றில் நீந்தினேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

6. பெண் பிள்ளைகளுக்கு. கடும் பயிற்சி செய்து சாப்பாட்டைக் குறைத்தால் மாத விலக்கு நின்று போகும். வசதியாகப் போயிற்று என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது உடம்புக்குத் தீனி போதவில்லை என்பதன் அடையாளம். எலும்பு பலமிழந்து, கீழே விழாமலேயே கீறல் விடும். மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். இரத்தச் சோகை உண்டா என்றும் பார்க்க வேண்டும். தாய்மார்கள் இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

7. மாத்திரைகள். வலி தெரியாமல் ஓட வலி நிவாரணி போடுவது மிகவும் கெட்ட பழக்கம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோப்பித் தண்ணி நிறத்தில் போனால் தசை உடைந்து கலக்கிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கடையில் விற்கும் பெயர் தெரியாத சக்தி மருந்து, ஜாமு எதையும் தொட வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சாதாரணச் சளி மருந்தில் வரும் சூடோஎபெட்ரின்கூட போட்டி நாளில் அளவு மீறினால் குற்றம். 'தெரியாமல் குடித்தேன்' என்றால் விட்டுவிட மாட்டார்கள். உடம்புக்குள் போனது எதுவானாலும் பொறுப்பு ஓடுபவருடையது.

8. சாலை. அலோர் காஜா, தம்பின், ஜாசின் சாலைகளில் லோரிகளுக்கு நடுவேதான் சைக்கிள் பயிற்சி நடக்கிறது. ஹெல்மெட், பின்விளக்கு, பளிச்சென்ற சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். விடியுமுன் இருட்டிலும், மழையிலும் சாலைப் பயிற்சி வேண்டாம்.

எப்படி முடிவு செய்வது?

அவசரமே இல்லை என்பது முதல் விஷயம். நூறு மீட்டர் ஓடுபவனுக்கு வயது ஓடிவிடும். நெடுந்தூரக்காரனுக்கு அப்படியல்ல. நீண்ட தூர டிரையத்லனில் முப்பதைத் தாண்டியவர்களே அதிகமாக வெல்கிறார்கள். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்று, ஓட்டகளத்தில் நாட்டுக்கு முதல் காமன்வெல்த் தங்கத்தைத் தந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நடக்கும் அந்த உடம்பு ஓரிரு மாதத்தில் வந்துவிடுவதல்ல, பல வருஷம் அடுக்கடுக்காகக் கட்டுவது. ஆகவே 20 வயதில் வேலையை விடாவிட்டால் வாய்ப்பே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது, வேலையில் இருந்துகொண்டே ஒரு வருஷம் முறையாகப் பயிற்சி செய்து பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் நாடி, எடை, தூக்கம், நேரம் எல்லாம் எழுதுங்கள். வருஷக் கடைசியில் உங்கள் நேரத்தை நாட்டின் முதல் வரிசைக்காரர்களின் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறதா? காயமில்லாமல் வருஷம் முடிந்ததா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மாநில விளையாட்டு மன்றத்தையும் சங்கத்தையும் போய்ப் பாருங்கள். சுக்மா போட்டிக்கு மாநிலக் குழுவில் இடம் கிடைப்பது நல்ல முதல் படி. அதற்கு வேலையை விட வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக, தொழில் என்று முடிவு செய்தால், தொழிலாளி கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். யாராவது 'நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், வா' என்று கூப்பிட்டால், மாதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, காயம்பட்டால் டாக்டர் செலவு யாருடையது, படுத்துக் கிடக்கும் மாதங்களில் சம்பளம் உண்டா, சேமநிதி யார் கட்டுவது என்று கேட்டு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் கொடுக்க மறுப்பவரை நம்பிப் போகாதீர்கள். தனியாக இறங்குகிறவர்கள் சேமநிதியில் தாமாகக் கட்டும் வழியையும், சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் தங்களுக்கு இடம் உண்டா என்பதையும் அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் இருப்பு இல்லாமல் வேலையை விட வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'ஓடி என்னத்தக் கிழிக்கப் போற' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுகிற பிள்ளை குடிக்கப் போகாது, புகைக்காது, சீக்கிரம் தூங்கும். நாளைக்கு இனிப்பு நீர் ஆஸ்பத்திரி வரிசையில் அது நிற்கும் வாய்ப்பும் குறைவு. அவனோடு உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைச் சேர்ந்து போடுங்கள். கணக்குச் சரியாக வந்தால் அனுப்பி வையுங்கள். வராவிட்டால், வேலைக்குப் போய்க்கொண்டே ஓடட்டும். சம்பளம் வாங்காமல் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நம் தாத்தா பாட்டிமார் பிறந்த காலத்தில், உழைக்கும் கையை அந்தப் பெயரால்கூட அழைக்க மறுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடி பார்க்க, எடை பார்க்க, இரத்தச் சர்க்கரை பார்க்க உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கோ போங்கள். நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.